லாத்தாகிட்ட சொல்லிராத

மச்சான்,

பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடிக் காரின் முன்பெட்டியைத் திறந்தேன். உங்கள் கறுப்புக் கண்ணாடி என் மடியில் விழுந்தது. துபாயில் வாங்கியது. ஒரு பக்கக் காது உடைந்து, நீங்களே நூல் சுற்றிக் கட்டியது.

அறந்தாங்கியில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் காரை நிறுத்தியிருக்கிறேன். வயிற்றின் வலப்பக்கம் கொஞ்ச நாளாக வலி. கல்லாக இருக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். “எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம்” என்று அவர் சேர்த்துக்கொண்டார். உங்களுக்கும் எல்லாம் அந்த ‘எதுக்கும்’ என்ற சொல்லில்தான் தொடங்கியது.

கோட்டைப்பட்டினம் வீட்டில் உங்கள் மகளுக்கு நிச்சயம் நடந்த அன்று, கூடத்துக்குள்ளேயே இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். துபாய்க்காரர் பந்தா என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போனபின் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கழற்றிக் காட்டினீர்கள். விழிவெள்ளை முழுக்க மஞ்சள்.

“ஒடம்பெல்லாம் அரிக்குது மாப்ள. நிச்சயம் நின்னுறக் கூடாதுன்னு வாயத் தொறக்கல. நாளைக்கு எங்கிட்டாவது கூட்டிட்டுப் போ.”

மறுநாள் திருச்சிக்குப் போனோம். அங்கேயும் “எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம்” என்றுதான் தொடங்கினார்கள். ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயில் ஓரிடம் சுருங்கிக் கிடக்கிறது என்றார்கள். குழாய்க்குள் சின்னதாக ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மஞ்சள் மெல்ல இறங்கியது. ஆனால் அந்தச் சுருக்கம் எதனால் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிரஷ் விட்டுச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு தெளிவாக இல்லை. மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அதே பதில். புற்று என்றால் ஈரலில் பாதியை வெட்டி எடுக்க வேண்டும். வெறும் வீக்கம் என்றால் அந்த வெட்டே வீண். “தெரியாம எப்படிங்க கத்திய வைக்கிறது?” என்று டாக்டரே எங்களைக் கேட்டார்.

சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “வாய் வழியா குழாய விட்டு, அதுக்குள்ள முடி மாதிரி ஒரு கம்பிய பித்தக்குழாய் வரைக்கும் கொண்டுபோவோம். அதுவே ஒரு மைக்ராஸ்கோப். சதைய வெட்டி எடுக்காம, உள்ள இருக்கிற நெலையிலயே பெருசாக்கிப் பாக்கலாம். சந்தேகமான இடத்துல மட்டும் துளி எடுப்போம்.”

நர்ஸ் உங்கள் கையில் ஊசி ஏற்ற வந்தார். “இந்த மருந்து ஏத்துனாத்தான் உள்ள பளிச்சுனு தெரியும். ஒடம்பு கொஞ்ச நேரம் மஞ்சளா இருக்கும். பயப்படாதீங்க.”

“அது எனக்குப் பழக்கந்தாம்மா” என்றீர்கள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். போர்வைக்குள் உங்கள் கால்கள் நடுங்கியதை நான் மட்டும் பார்த்தேன். துபாய் மணற்காற்றில் ரோடே மறைந்த நேரத்திலும் ட்ரெய்லரை நிறுத்தாமல் ஓட்டியவர் நீங்கள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தீர்கள்.

“மாப்ள, பயமா இருக்குடா. என்ன நோவா இருந்தாலும் ஒன் லாத்தாகிட்ட சொல்லு. நான் பயந்தேன்னு மட்டும் சொல்லிராத.”

முடிந்ததும் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முதலில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வலை ஒன்று தெரிந்தது. “இது நல்ல இடம்.” படம் நகர்ந்தது. வலை அறுந்து, தடித்த கறுப்புப் பட்டைகள் தாறுமாறாக ஓடின. “இது சரியில்ல. துளி எடுத்திருக்கோம், லேப் சொல்றதுதான் முடிவு. ஆனா நீங்க மனச தயார் பண்ணிக்கங்க.” உங்கள் உடம்புக்குள் நீங்களே பார்க்காத இடத்தை நான் பார்த்துவிட்டேன், மச்சான். பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

லேப்பும் அதையே சொன்னது. என் கூடப்பிறந்த அக்கா, லாத்தாவிடம் நான்தான் சொன்னேன். நோயை மட்டும். அவள் அழவில்லை. “அவரு எப்படி இருக்காரு?” என்றாள். “தைரியமா இருக்காரு லாத்தா” என்றேன்.

ஈரலில் பாதி போனது. நீங்கள் எழுந்து நடந்தீர்கள். மகளின் நிக்காஹில், தொளதொளத்த சட்டையோடு வாசலில் நின்று எல்லாரையும் “வாங்க வாங்க” என்று அழைத்தீர்கள். அது போதும் என்றுதான் நினைத்திருந்தோம். அடுத்த வருஷம் மிச்ச ஈரலிலும் வந்துவிட்டது. இந்த மழைக்காலத்துக்கு நீங்கள் இல்லை.

போன வாரம் லாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்: “தம்பி, ஆஸ்பத்திரில அவரு பயந்தாரா?”

“இல்ல லாத்தா.”

அரிவாள்மனை நின்றது. “என்கிட்டதான் காட்டிக்கல. ஒன்கிட்டயாவது சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். அத்தனையையும் யாருகிட்டயும் சொல்லாம, தனியாவா வச்சிக்கிட்டுப் போயிட்டாரு?”

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன், மச்சான். “சொன்னாரு லாத்தா. என் கையப் பிடிச்சிக்கிட்டு, பயமா இருக்குன்னு சொன்னாரு. கால் நடுங்குச்சு. நான் கூடவேதான் இருந்தேன்.”

முந்தானையால் முகத்தை மூடி வெகுநேரம் அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ். சொன்னாருல்ல” என்றாள். மறுபடி கறியை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. நீங்கள் பிடித்த மணிக்கட்டை இந்த வாசலில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் கண்ணாடி முன்னால் நின்று என் கீழிமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. நம்பிக்கை வரவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய், மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவியிடம் சொன்னேன்: “எனக்கு பயமா இருக்கு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மீனை அப்படியே மூடி வைத்தாள். “இருங்க, சேல மாத்திட்டு நானும் வாரேன்.”

இப்போது உள்ளே டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறாள். பயம் துளியும் குறையவில்லை. ஆனால் அவளுக்கு அது தெரியும்.