மச்சினன் வீட்டுச் சொரசொரப்புத் தரை

அனுப்புநர்
கா. ஐயாசாமி (வயது 71),
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
கதவு எண் 14, மாரியம்மன் கோயில் இரண்டாவது வீதி,
கணபதி, கோயம்புத்தூர் – 6.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மாநகராட்சி வார்டு அலுவலகம்,
கணபதி.

பொருள்: பக்கத்து வீட்டுக்காரரும் என் மச்சினனுமான சுப்பண்ணன் என்பவர் தன் வீட்டுத் தரையிலும் சுவரிலும் கடல் மணல் கலந்த பெயிண்டு பூசி, அதைக் காரணமாக வைத்து என் சம்சாரத்தை அங்கேயே தங்கவைத்திருப்பது – நேரில் வந்து தணிக்கை செய்யக் கோருவது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் குற்றம் இருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேணுங்க. விஷயத்தில் குற்றம் கிடையாது. சுப்பண்ணன் என் சம்சாரம் பழனியாத்தாளின் உடன்பிறந்த தம்பி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயர மதில் ஒன்றுதான்.

2. முதலில் என் வீட்டுத் தரையைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரெட் ஆக்சைடு போட்ட தரை. மேஸ்திரி பூசிவிட்டுப் போனதோடு நான் விடவில்லை. மாதம் தவறாமல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்து, தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். வீதியில் யார் வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் என் வீட்டைத்தான் கேட்பார்கள். மாப்பிள்ளைகள் குனிந்து தலை சீவிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். வீதியில் "கண்ணாடி வீட்டுக்காரர்" என்றால் நான்தான். சென்ற ஆவணி வரைக்கும்.

3. ஆவணியில் சுப்பண்ணன் அவர் வீட்டுத் தரையை மாற்றினார். அவருக்கு மோட்டார் கம்பெனிகளில் தரைக்குப் பெயிண்டு பூசுகிற வேலை. அந்த வேலைக்குக் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு மணல் வருகிறது. நாட்டுச் சர்க்கரை போலச் சிவந்து, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அதைப் பெயிண்டில் கலந்து பூசினால் லாரிச் சக்கரம் போனாலும் தேயாதாம், எண்ணெய் சிந்தினாலும் வழுக்காதாம். லாரி வராத வீட்டுக்கு அது எதற்கு என்று நான் கேட்டேன். நடை, சமையல்கட்டு, புழக்கடை எல்லாவற்றுக்கும் பூசிவிட்டார். பொடி மணல் கலந்து வெளிச்சுவருக்கும் அதையே பூசினார். மழைச்சாரல் அடித்து என் வீட்டுச் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுகிறது. அவர் சுவர் அப்படியே நிற்கிறது. வெயில் பட்டால் மின்னுகிறது. அந்த மின்னல் நேராக என் வாசலில்தான் விழுகிறது என்பதையும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. தரை காய்ந்த அன்றைக்கு வீதியையே கூப்பிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வந்தவர்களையெல்லாம் ஈரக்காலோடு நடக்கவிட்டார். என் தரையில் தலை சீவினவர்கள்தான் அத்தனை பேரும். அக்கா வீட்டுக்காரன் என்கிற முறையில் என்னையும் முதல் ஆளாகக் கூப்பிட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே, "ஏனுங் மாப்ளே, செவுத்துல எருமை வந்து முதுகு சொறிஞ்சுக்குமுங்களா, இல்ல நீங்களேதானா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "வந்து நடந்து பாருங்க மாமா, அப்பறம் பேசலாமுங்க" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அந்த மணலுல நான் காலு வெச்சா எம்பேரு ஐயாசாமி இல்லீங்க" என்று வீதி கேட்கச் சொல்லிப்போட்டேன். இந்த மனுவுக்கு மூலகாரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

5. பிறகு தீபாவளி வந்தது. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரக்காலோடு நடைக்கு வந்த பழனியாத்தாள் என் தரையில் வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு பிசகிவிட்டது. வைத்தியர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். வாசலுக்கு வந்ததும், "ஏனுங்க, உங்க கண்ணாடியில நீங்களே மொகத்தப் பாத்துட்டு இருங்க. எனக்கு நடக்கறதுக்குத் தரை வேணும்" என்றாள். அப்படியே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று வரை அங்கேதான் இருக்கிறாள். காலையில் மதில் மேல் எனக்குக் காபி வைக்கிறாள். என்னைப் பார்த்து வைப்பதில்லை. அந்தப் பக்கம் புழக்கடையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் பாத்திரம் விளக்கி, பயமே இல்லாமல் இங்கும் அங்கும் நடக்கிறாள். என் வீட்டில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பாள். அது அவள் பழக்கம் என்று இத்தனை வருஷமாக நான் நினைத்திருந்தேன்.

6. நான் சும்மா இருக்கவில்லை. இரும்பு வார்க்கிற பவுண்டரிக்காரர்கள் ரோட்டோரம் கொட்டுகிற கருப்பு மண்ணை ஒரு சாக்கு அள்ளிவந்தேன். இரும்புக் குழம்பையே தாங்கிய மண் மனிதக் காலைத் தாங்காதா என்பது என் கணக்கு. தரைக்கு எனாமல் பெயிண்டு அடித்து, காய்ந்த பிறகு மேலே தூவினேன். மறுநாள் விளக்குமாறு போட்டதும் மண்ணும் வந்தது, பெயிண்டும் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது. வீடு முழுக்கக் கரி. டவுன்ஹால் பக்கம் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் கரீம் பாயிடம் போய்க் கேட்டேன். "நீங்க தரை மேல பெயிண்டு அடிக்கலீங்க, தேங்காய் எண்ணெய் மேல அடிச்சிருக்கீங்க. சலவைச் சோடா போட்டுத் தேச்சு எண்ணெயெல்லாம் எடுங்க மொதல்ல. மணலும் ரோட்டுல அள்ளுனது ஆகாதுங்க, கழுவிச் சலிச்சு வரோணும், ஈரப் பெயிண்டுலயே கலக்கோணும். இதெல்லாம் உங்க மச்சினனுக்கு அத்துப்படி. அவரைக் கேக்கறதுதானுங்களே?" என்றார். ஊரில் அத்தனை பேருக்கும் இந்த ஒரு யோசனைதான் தோன்றுகிறது.

7. எனக்குப் பொறாமை என்று வீதியில் பேசுகிறார்கள். ஆமாங்க, பொறாமைதான். எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கினால் படுகிற பொறாமை இல்லை இது. ராத்திரி மதிலுக்கு அந்தப் பக்கம் அக்காவும் தம்பியும் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்றால் பரவாயில்லை. வேறு ஏதாவது பேசிச் சிரிக்கிறார்களோ என்று நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

8. போன வாரம் நான் தரையில் சோடா போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டு, சுப்பண்ணன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "மாமா, அரை மூட்டை மணலு மிச்சம் கெடக்குதுங்க. கேட்டாக் குடுக்கறனுங்க" என்றார். கேட்டால் தருவாராம். பின்னாலிருந்து பழனியாத்தாள், "இந்த ஊட்டுக்குள்ள வந்து என்னையும் கூப்புடச் சொல்லு, வாரேன்" என்றாள். உள்ளே போய்க் கூப்பிட வேண்டுமானால் அந்தத் தரையில்தான் கால் வைக்க வேண்டும். என் நிலைமை தங்களுக்கு விளங்கியிருக்கும்.

9. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, மேற்படி தரையைத் தணிக்கை செய்ய ஒரு நாள் குறித்து, மனுதாரரும் கட்டாயம் உடன் வர வேண்டும் என்று நோட்டீசு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். சர்க்கார் கூப்பிட்டு நான் உள்ளே போனால் அது நானாகக் கால் வைத்ததாக ஆகாது. மிச்சமுள்ள மணலை விசாரணைக்கு என்று எடுத்து, பத்திரமாக வைத்திருக்க என் வீட்டில் ஒப்படைக்கலாம். திருப்பிக் கேட்டு அவசரப்படுத்த வேண்டாம். உள்ளே போனதும் தாங்கள், "அம்மா, உங்க வீட்டுக்காரரு வந்திருக்காருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

தணிக்கைக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போக வேணுங்க. தரையில் எண்ணெய் இன்னும் முழுதாகப் போகவில்லை, வெறுங்கால் வழுக்கும். வாசலில் செருப்பைக் கழற்றாமல் அப்படியே உள்ளே வாருங்கள்.

இடம்: கணபதி
தேதி: 13-11-1995

தங்கள் நோட்டீசுக்காகக் காத்திருக்கும்,
கா. ஐயாசாமி
(கையொப்பம்)