இலவச மென்பொருளும் ஒரு ழகரமும்

வெள்ளி, இரவு.

நாளை அக்கா மகளுக்குக் கல்யாணம். கோயிலில் பாட நானே எழுதிய பாட்டு, ‘வழி காட்டும் தேவா’. இசைக்குறிப்பு அடிக்க இலவச மென்பொருளே போதும் என்று இருந்துவிட்டேன். அதில் தமிழ் எழுத்து உடைந்து வந்ததால், வரிகளை ஆங்கில எழுத்தில் அடித்தேன். ‘வழி’யை vali என்று போட்டேன். பாடகர்கள் தாளை வாங்கிப்போய் வீட்டிலேயே பழகினார்கள்.

இன்று முதல் ஒத்திகை. அத்தனை பேரும் ஒரே குரலில் “வலி காட்டும் தேவா” என்றார்கள். கல்யாணத்துக்காக செண்டாயான் ஊரிலிருந்து வந்திருந்த அக்கா எழுந்துவிட்டாள்.

“என்னா தம்பி, என் மகளுக்கு வலியக் காட்டச் சொல்றியா? நல்லா இருக்குலா!”

வீட்டுக்கு வந்ததும் தமிழ் ஒழுங்காக வரும் மலிவான மென்பொருள் ஒன்றை வாங்கினேன். திருத்தி அச்சடித்தாயிற்று. தாளில் ‘ழ’ அழகாக நிற்கிறது.

பாடப்போகிறவர்கள்தான் இனி தாளைப் பார்க்கமாட்டார்கள். பாட்டு அவர்களுக்கு மனப்பாடம்.