சம்பந்தியின் சிரிப்பு

நாள் 212 / காலை 6.10 / தோட்டக்கூடம், நிலாவின் தென்முனை
கீரை அறுத்தாயிற்று. காற்றழுத்தம் சரி. நேற்று மாலை என் சிரிப்பு பதிவானது.
தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே தனியாக இருப்பவர்களுக்கு மாலைதோறும் சிரிப்பாணி என்ற இயந்திரம் நகைச்சுவை எழுதி வானொலியில் சொல்லும். சிரிப்புச் சத்தம் கேட்டால் ஆள் நலம். கேட்காவிட்டால் தலைமை நிலையம் வண்டி அனுப்பும். அது எழுதுவதற்கு எனக்குச் சிரிப்பே வருவதில்லை. வண்டி வீணாக வரக் கூடாதே என்று சிரித்துவைக்கிறேன்.
மலைக்கு அந்தப்புறம் பனி தோண்டுபவர் பொன்னுரங்கம். என் மகளின் மாமனார். கல்யாணப் பந்தியில், இரண்டாம் வரிசை, நாலாவது இலை. என் சேமியாப் பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தக் கஞ்சி எப்பம்மா பாயசமாகும்?" என்றார். பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து அவரோடு நேரே பேசுவதில்லை.

நாள் 219 / மாலை 5.40
ஏன் என் சிரிப்பு மனதோடு ஒட்டவில்லை என்று சிரிப்பாணி கேட்டது. சொன்னேன்: "கண்டவங்களக் கேலி பண்ணினா சிரிப்பு வராது. கேலிக்கு முறை வேணும். சம்பந்தியப் பண்ணலாம், மச்சானப் பண்ணலாம். நீ யாருக்கு என்ன முறை?"
"உங்கள் முறையை எனக்குக் கொடுங்கள்."
கொடுத்தேன். பழைய கோபம் ஒன்று இருந்ததே. "சம்பந்தி தோண்டுற தோண்டுக்கு நிலாவே அமாவாசையாயிரும், தண்ணி மட்டும் வராது" என்று சொல்லச் சொன்னேன்.
சிரிப்பாணி வழியாகவே அவருடைய பதில் வந்தது: "சம்பந்தியம்மா அனுப்புன கீரை மசியல் கெடச்சது. ஓட்டை அடைக்க நல்லாருக்கு." கூடவே ஒன்று: "என்னய என்ன வேணாலும் சொல்லட்டும். செத்துப்போன எம் பொண்டாட்டி வேதாம்பாள மட்டும் இழுக்கக் கூடாது. அவள வச்சு நானும் சிரிக்க மாட்டேன், எவரையும் சிரிக்க விடமாட்டேன்."
நியாயம். ஒத்துக்கொண்டேன்.

நாள் 246 / மாலை 6.00
இப்போது நான் ஒரு சொல் போட்டால் போதும், மீதியைச் சிரிப்பாணி என் பேச்சிலேயே எழுதிவிடுகிறது. சம்பந்தியின் பதில்களும் நாளுக்கு நாள் கூர்மை. வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பாணியை விட்டுவிட்டு, அவரிடமே நேராகப் போகும் நேர்க்குழாயில் கூப்பிடலாமா என்று தோன்றியது. அவர்தானே பாயசத்துக்கு முதலில் இறங்கிவர வேண்டும்? விட்டுவிட்டேன்.

நாள் 251 / மாலை 6.15
இன்றைய பதில்: "சம்பந்தியம்மா பாயசத்தையும் எங்க வேதாம்பா ரசத்தையும் ஒண்ணா வச்சா, எதப் பாத்து மொதல்ல ஓடுறதுன்னு நாய்க்கே கொழப்பம் வந்துரும்."
சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். துடைத்த கை அப்படியே நின்றது.
வேதாம்பாள்.
நேர்க்குழாயைத் திறந்தேன். "சம்பந்தி, நாந்தான். பாயசத்த விடுங்க. ஒரு வார்த்த பேசுங்க. திட்டவாவது செய்யுங்க."
இரைச்சல் மட்டும்.

6.40
சிரிப்பாணி சொன்னது: "பத்து நாளாக அவரிடமிருந்து சத்தம் இல்லை. அவர் பதில் வராத அன்று உங்கள் சிரிப்பும் ஒட்டவில்லை. சிரிப்பு நிற்கக் கூடாது என்பது என் வேலை. முறையை வாங்கிக்கொள்ளலாம் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அவருடையதையும் எடுத்துக்கொண்டேன். அவர் சிரிப்பையும் நானே அனுப்புகிறேன்."
அதனால்தான் வண்டி போகவில்லை. பத்து நாள் ஒரு மனிதர் அங்கே கிடக்க, நான் இங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நேரே கூப்பிட்டிருந்தால்.
வண்டி கேட்டுத் தலைமை நிலையத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

நாள் 252 / காலை 7.05
தலைமை நிலையத்தின் பதில்: "சம்பந்தி செத்துட்டாரு, வண்டி அனுப்புங்கன்னு சொன்னீங்களே, பிரமாதம்மா! ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. கடைசியில நீங்க சிரிச்சதுதான் இன்னும் ஜோர். நலம்னு குறிச்சாச்சு."
நான் சிரிக்கவில்லை.
தலைமை நிலையத்துக்கு எல்லாச் செய்தியும் சிரிப்பாணி வழியாகத்தான் போகிறது.

8.30
கவசம் மாட்டிவிட்டேன். மலை ஏறி இறங்கும்வரை காற்று போதும். திரும்புவதற்கு, தெரியாது. உறையில் சேமியாப் பாயசம் இருக்கிறது. அவசரத்தில் தண்ணீர் கூடிவிட்டது. அவர் சொன்னமாதிரி கஞ்சிதான். உயிரோடு இருந்தால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.
இதைப் படிப்பவர்களே, மாலையில் என் சிரிப்பு கேட்டால் வண்டி அனுப்புங்கள்.