அமுக்காத நெஞ்சு

மாப்ள,

போன வாரம் மண்டபத்துக்கு ஒரு பொம்மை வந்தது. பசுமலையில் நான் வாட்ச்மேனாக இருக்கிற கல்யாண மண்டபம்தான். பையின் ஜிப்பைத் திறந்ததும் புது ரப்பரும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாடை குப்பென்று அடித்தது. கையும் காலும் இல்லாமல், தலையும் நெஞ்சும் மட்டும். முதலுதவி சொல்லிக்கொடுக்க வைத்திருக்கிற பொம்மை. பின்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

வேலை செய்கிற இடத்தில் முதலுதவி தெரிந்த ஆள் இருக்க வேண்டுமாம். அதனால் சமையல்காரர், கரண்டு வேலை பார்ப்பவர், கூட்டுகிற பெண்கள் எல்லாரையும் மேனேஜர் வரிசையாக உட்கார வைத்துவிட்டார். பாடம் எடுக்க வந்தது ஒரு நர்சம்மா. "மில்லுன்னா கை மாட்டும், சமையக்கட்டுன்னா எண்ணெய் தெறிக்கும். அதுக்கு அதுக்கு வேற வேற வைத்தியம். ஆனா மூச்சு நின்னு விழுந்துட்டா எல்லா எடத்துலயும் ஒரே வைத்தியந்தான்" என்றார்.

மேனேஜர் என்னைக் காட்டி, "இவருக்கு எல்லாம் தெரியும் மேடம். மில்லுல சர்டிபிகேட் வாங்குனவரு" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த சர்டிபிகேட் வந்த கதை உனக்குத்தான் தெரியும்.

திருமங்கலம் ரோட்டு நூல் மில்லில் ஷிப்டுக்கு இரண்டு பேர் என்று பிடித்து உட்கார வைத்தார்களே, நம் ஷிப்டுக்கு நீயும் நானும். நீ கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தாய். ஆறாம் கிளாசோடு நின்ற நான் பேனா கூட எடுத்து வரவில்லை. எழுத்துப் பரீட்சையில் நீ மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் டிக் அடித்தேன். பொம்மை நெஞ்சை அமுக்கிக் காட்ட வேண்டிய முறை வந்தபோது, நான் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டு ஒப்பாரி வைத்தேன். "காலு ரெண்டும் காணலையே, கட்டுனவ தேடுவாளே" என்று இழுத்ததும் மொத்த மில்லும் உருண்டு சிரித்தது. சொல்லிக்கொடுக்க வந்தவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டது. வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் பாஸ்.

நீ மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் டீ நேரத்தில், "வா மாப்ள, பஞ்சு மூட்டையில வெச்சுக் காட்டுறேன். ரெண்டே நிமிசம்" என்று கூப்பிட்டாய்.

"மூட்டைக்கு உசுரு வந்துச்சுன்னா மொதலாளி அதுக்கும் சம்பளம் குடுக்கணும்டா, பாவம்" என்றேன்.

"ஒனக்கு எல்லாமே வெளையாட்டுடா" என்றாய். அன்றிலிருந்து நீ எனக்கு 'டாக்டரு'. முதலுதவிப் பெட்டிக்கு மேலே பலகையில் நம் இரண்டு பேர் பெயரையும் பெயிண்டில் எழுதினார்கள். என் பெயர் மேலே, உன் பெயர் கீழே. அதற்கும் உன்னைக் கேலி செய்தேன்.

அந்தக் காலையில் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்து, "கேஸு மாப்ள" என்று மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். அடுத்த நிமிடம் சாய்ந்துவிட்டாய்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ நடிக்கிறாய் என்று நினைத்தேன். பாடம் படிக்காத என்னைச் சோதித்துப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். அதனால் துண்டை எடுத்துத் தலையில் போட்டு, "போயிட்டியா டாக்டரே" என்று ஒப்பாரியை ஆரம்பித்தேன். நாலு பேர் சிரித்தார்கள். நான் இரண்டாவது அடியும் பாடினேன் மாப்ள. அப்புறம்தான் உன் உதட்டு நிறத்தைப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்கதான பாடம் படிச்சீக! பலகையில பேரு இருக்குல்ல! ஏதாச்சும் செய்யுங்கண்ணே!" என்று கூட வேலை பார்த்த பிள்ளைகள் கத்தினார்கள். கையை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வலிப்பு என்று நினைத்து லாக்கர் சாவியை உன் உள்ளங்கையில் திணித்தேன். உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்தேன். வாயில் சோடா ஊற்றினேன். படுக்க வைக்க வேண்டியவனை உட்கார வைத்தேன். அமுக்க வேண்டிய நெஞ்சைத் தொடவே இல்லை. அந்த ஷிப்டில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் என் மடியில் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "யாராச்சும் நெஞ்ச அமுக்குனீங்களா?" என் வாய் தானாகச் சொன்னது, "அமுக்குனேன் சார்."

அதையே உன் வீட்டில் உன் சம்சாரத்திடமும் சொன்னேன். "படிச்சபடி எல்லாம் செஞ்சேன் தங்கச்சி. நம்ம கையில இல்ல." அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பதினோரு வருசம் தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு அதிரசம் கொடுத்து அனுப்பினாள். நானும் வாங்கித் தின்றேன்.

மண்டபத்தில் நர்சம்மா, "வாங்கய்யா, நீங்களே செஞ்சு காட்டுங்க" என்றார். பக்கத்தில் இருந்த சமையல்காரர், "பெருசு இப்ப ஏதாச்சும் கூத்து கட்டும் பாரு" என்று சிரித்தார். நான் எழுந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சர்டிபிகேட்டு பொய்யி. மொதல்லருந்து சொல்லிக்குடுங்க" என்றேன். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, நீ இருந்திருந்தால் ஒரு வாரம் அதை வைத்தே ஓட்டியிருப்பேன்.

நடு நெஞ்சில் உள்ளங்கை, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்கக் கூடாது, விடாமல் வேகமாக, ஆழமாக. அவ்வளவுதான் மாப்ள. நீ சொன்ன அதே இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அன்று அமுக்கியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று நர்சம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்கய்யா. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார்.

அன்று சாயந்திரமே வில்லாபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். தங்கச்சி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பாரி, சாவி, சோடா, பொய், எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள், துடைப்பத்தை எடுப்பாள் என்றுதான் போனேன்.

கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்:

"அன்னைக்குக் காலையில நெஞ்சு கரிக்குதுன்னாருண்ணே. நான் ஓமத்தண்ணியக் குடுத்து, சும்மா லீவு போடாம போங்கன்னு வெரட்டுனேன். நீங்க எல்லாம் செஞ்சும் மனுசன் பொழைக்கலன்னா, காலையில அனுப்புன நான்தான கொன்னுருக்கேன்னு..."

மடித்த சேலையை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அப்ப நான் மட்டும் இல்லையாண்ணே?"

"நீ இல்லவே இல்ல தங்கச்சி. நான்தான்."

"இம்புட்டு வருசம் ஏண்ணே சொல்லல?"

என் மானத்தைக் காப்பாற்ற நான் சொன்ன ஒரு பொய்யில், உன்னைக் கொன்றது தான்தான் என்று பதினோரு வருசம் அவள் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். உனக்குச் செய்ததைவிட அவளுக்குச் செய்ததுதான் பெரிது மாப்ள.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன். அழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அது ஓயும்வரை நின்றுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.