வசந்தி அக்காவுக்கு அனுப்பிய மஞ்சள் புடவை

ஜூலை 6, 2009. திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் இந்த ஆட்டம். மாடிக் கொடியில் புடவையை விரித்துப் படம் எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. பச்சைப் புடவை பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில். நல்லவேளை, தொட்டி காலி.

சி.பட்டி நெசவுக்காரர்களிடம் போய் எடுத்து வந்தவை: அரக்கு, பாட்டில் பச்சை, வெங்காயத்தோல் கலர், மாம்பழ மஞ்சள் நாலு. எல்லாம் சுங்குடி. மஞ்சள் போல இந்த வருஷம் எதுவும் அமையவில்லை.

மத்தியானம் பிரவுசிங் சென்டர். படங்கள் ஏற்ற ஒரு மணி நேரம். நடுவில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து.

குழுவில் இப்போது நிறையப் பேர். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட நம்ம பக்கத்துப் பெண்கள் சமையல் பேச ஆரம்பித்த குழு. நானும் அயிரை மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்லத்தான் போனேன். ஒருத்தி நான் கட்டியிருந்த புடவையைப் பார்த்து "எங்க எடுத்தீங்க?" என்றாள். அப்படித் தொடங்கியது. வாங்குங்கள் என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. யாருக்குப் பிள்ளைக்கு அம்மை, யார் மாமியாரோடு பேச்சில்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. இரண்டு தண்ணிக்குச் சாயம் போகும் என்றால் போகும் என்றே எழுதுவேன். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அவர்களிடம் ஒரு பொய் சொன்னதில்லை. வியாபாரம் நடப்பதே அதனால்தான்.

நாக்பூர் வசந்தி அக்கா வழக்கம்போல: "லூர்து, ஆத்தூர் டேம்ல தண்ணி இருக்கா?" இங்கே திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில் பிறந்தவர். நாக்பூர்க்காரர் ஒருத்தரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போனவர். வீட்டில் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள். புடவை வாங்குவதைவிட டேம் தண்ணீரைக் கேட்பதுதான் அதிகம். பஸ்ஸில் அந்தப் பக்கம் யார் போனாலும் விசாரித்து வைத்துக்கொள்வேன், இவருக்குச் சொல்வதற்காகவே. பாதி கிடக்கிறது என்றேன். மகிழ்ச்சி.

மஞ்சளைப் பார்த்ததும் கேட்டுவிட்டார். கல்யாண நாள் வருகிறதாம். பணம் அப்போதே போட்டுவிட்டார்.

ஜூலை 8, புதன்

பார்சல் கட்டினேன். வ. அக்கா புடவை முந்தியில் மஞ்சள் தடவினேன். நாங்கள் மாதா கோயில் வேதக்காரர்கள், ஆனாலும் எல்லாப் புடவைக்கும் வைத்துத்தான் அனுப்புகிறேன். "பிரிச்சதும் மஞ்ச வாசம், அம்மா வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு" என்று மஸ்கட் கீதா எழுதிய நாளிலிருந்து. அன்பா, வியாபாரமா என்று கேட்டால் இரண்டும்தான்.

சீட்டும் வைத்தேன்: "அத்தானோட ஜோடியா நின்னு ஒரு போட்டோ போடுங்கக்கா." கட்டிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று வந்தால் அடுத்து நாலு பேர் கேட்பார்கள். இதை இங்கேதான் எழுத முடியும்.

கூரியர்க்காரர் திங்கட்கிழமைக்குள் போய்விடும் என்றார். காய்ந்த மிளகாய் தீர்ந்துவிட்டது. கேஸ் சொல்ல வேண்டும்.

ஜூலை 13, திங்கள்

காற்று. கண்ணெல்லாம் மண்.

வ. அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. குழுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினேன்: "வசந்திக்கா, புதுப்பொண்ணு! புடவை வந்துச்சா? அத்தான் மயங்கி விழுந்துட்டாரா? போட்டோ எங்கே?" கீழே கீதாவும் இன்னும் இரண்டு பேரும் சிரித்து வைத்தார்கள்.

ஜூலை 14, செவ்வாய்

பதில் இல்லை. மறுபடி எழுதினேன். "போட்டோ போடாட்டி அடுத்த புடவை கிடையாது, ஆமா."

மாலை கோயிலுக்குப் போகவில்லை. கால் வலி.

ஜூலை 15, புதன்

அத்தான் இறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில். மாரடைப்பு. கீதாவுக்கு நாக்பூரில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களாம், குழுவில் எழுதியிருந்தாள். அதற்கு மேலேயே நான் எழுதியது நிற்கிறது. மயங்கி விழுந்துட்டாரா. மயங்கி விழுந்துட்டாரா.

அழித்தேன். இரண்டையும் அழித்தேன். சிரித்தவர்களின் சிரிப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது, அதை நான் அழிக்க முடியாதாம்.

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார், சொன்னேன். "ஒனக்குத் தெரியாம எழுதுனது தானே புள்ள" என்றார். தெரியாமல்தான். ஆனால் எதற்காக எழுதினேன் என்பது எனக்குத் தெரியுமே. சீ.

ஜூலை 16, வியாழன்

கூரியர் ரசீதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அக்காவின் மகள்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவரே எடுத்தார். இத்தனை நாள் எழுத்தில் பழக்கம், குரல் கேட்பது முதல் தடவை. கனத்த குரல்.

"அக்கா, நான் லூர்து."

"ம். காத்து சத்தம் கேக்குது. நம்மூர் காத்தா?"

ஆமாக்கா என்றேன். பார்சலுக்குள் ஒரு சீட்டு இருக்கிறது, படிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றேன்.

"திங்கக்கெழம வந்துச்சு. மக பிரிச்சா. படிச்சுட்டேன் லூர்து."

நான் மன்னிப்புக் கேட்டதும் காதில் விழுந்ததா தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இருபத்தாறாந் தேதி கருமாதி. இங்க இவங்களுக்குக் கோடி போடுற வழக்கம் கெடையாது. எனக்குத்தான் மனசு கேக்கல. பொறந்த வீட்டுச் சீல ஒண்ணு மேல விழாம எப்புடி? அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்றியா? வர வேணாம். ஒரு நூல் சீல குடுத்துவிட்டாப் போதும்."

சரி என்றேன். எங்களிலும் கோடி உண்டு. அப்பா இறந்து, என் அம்மாவுக்கு மாமா வந்து போர்த்தியபோதுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 18, சனி

ஆத்தூர். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே. ஆடி இரண்டாம் தேதி, கூட்டம் தாங்கவில்லை.

வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தென்னந்தோப்புக்காரர் என்றதும் காட்டினார்கள். அண்ணன் மோட்டார் ரூம் வாசலில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். வசந்தி அக்காவின் மூக்கு அப்படியே.

விஷயத்தைச் சொன்னேன். எண்ணுவதை நிறுத்தவில்லை.

"நீ யாரு?"

"லூர்துங்கய்யா, திண்டுக்கல்லு. அக்காவுக்குச் சீல விக்கிறவ. கம்ப்யூட்டர்ல பழக்கம்."

"வித்துட்டேல்ல? போ."

"அய்யா, அவரு செத்துட்டாரு. அவங்க ஒத்தச் சீலதான் கேக்குறாங்க."

"எனக்குத் தங்கச்சியே இல்ல. இல்லாதவளுக்கு எங்கிட்டு இருந்து கோடி? வேதக்காரப் பொம்பள நீ, ஒனக்கு எதுக்கும்மா இந்தச் சோலி?"

செல்லில் அக்கா படம் இருந்தது, போன தீபாவளிக்குப் பச்சைச் சுங்குடி கட்டி அனுப்பியது. நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போட்டாவ உள்ள வையி."

வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பின்னாலேயே அவர் சம்சாரம் ஓடி வந்தது, மூச்சு வாங்க. "அந்தப் போட்டாவக் காட்டு, செத்த நேரம் பாத்துக்கிறேன்." பார்த்தது. "அய்யோ, நரச்சுப் போச்சே. புள்ளைக எத்தன?" ஒரு பெண், காலேஜ் போகிறாள் என்றேன். "யாரு சாடை?" அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை என்றேன்.

நீங்களாவது ஒரு புடவை கொடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். "அவரு கையால குடுக்காம நாங் குடுத்தா அது கோடி ஆகாது தாயி. வெறுஞ் சீலதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனது.

டேமை எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறினேன்.

ஜூலை 19, ஞாயிறு

பூசையில் மனசு நிற்கவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது.

ஆட்டுக்கறி. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க மறந்தேன். இவர் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "பீரோவுல தான் அம்புட்டு சீல கெடக்கே. ஒண்ண எடுத்து, அண்ணன் குடுத்தாருன்னு சொல்லி அனுப்பிவிடு. செத்த வீட்டுக்கு ஒரு பொய்யி. பாவமா வந்துரும்?"

வராதுதான். எழுந்து பீரோவைத் திறந்தேன். வெங்காயத்தோல் கலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கொடுத்தார். இரண்டே சொல். அக்கா சாகும்வரை நம்பிக்கொண்டு இருப்பார். ஒருநாள் தெம்பு வந்து அண்ணனுக்கு நன்றி என்று போன் போட்டால்? அப்போது அவர் சொல்லப்போகிற பதில்?

திரும்ப மடித்து வைத்தேன்.

ஜூலை 20, திங்கள்

போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், தரமாட்டேன் என்கிறார் என்று. தங்கச்சியே இல்லை என்று சொன்னதைச் சொல்லவில்லை. மதினி படத்தைப் பார்த்து அழுததைச் சொன்னேன்.

"தேங்கா எண்ணிக்கிட்டு இருந்துச்சா?" என்றார்.

"ஆமாக்கா."

"கோவம் வந்தா எதையாச்சும் எண்ணும். சின்னப் புள்ளையில இருந்தே."

பிறகு சொன்னார்:

"லூர்து, அந்த மஞ்சச் சீலைக்கு நான் போட்ட காசத் திருப்பி அனுப்பிரு."

செருப்பால் அடித்தது போல இருந்தது. புடவையும் வேண்டாம், நானும் வேண்டாம் என்கிறார், சரிதான் என்று நினைத்தேன். அனுப்பிவிடுகிறேன், புடவையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"கிறுக்கி. காசு குடுத்து வாங்குனத நானே எப்புடிக் கோடியாப் போட்டுக்குவேன்? ஒரு பைசா எங்காசு அதுல இருக்கக் கூடாது. நீ குடுத்ததா இருக்கணும். முந்தியில மஞ்ச வச்சுத்தான அனுப்புன? நம்மூர் மண்ணுல இருந்து தான வந்துச்சு? போதும். நீயே எம் பொறந்த வீடுன்னு வச்சுக்கிறேன்."

நான் எங்கே அழுதேன் என்றால், செல்லில் காசில்லாமல் போய் நின்ற எஸ்.டி.டி. பூத்தில். வெளியே மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 21, செவ்வாய்

பேங்க். வ. அக்கா கணக்கில் போட்டாயிற்று. கவுன்டரில் இருந்தவர், "என்ன, சரக்கு ரிட்டர்னா?" என்றார். ஆமா என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

மின் கட்டணம். அரிசி மாவு. கால் வலிக்குத் தைலம்.

ஜூலை 26, ஞாயிறு

இன்று.

பூசையில் அத்தான் பெயருக்கு வேண்டிக்கொண்டேன். முகம்கூடத் தெரியாது. ஜோடிப் படம் கேட்டுக்கொண்டே இருந்தேன், கடைசிவரை ஒன்றுகூட வரவில்லை.

பதினோரு மணிக்கு மேல் இருக்கும், நாக்பூரில் இப்போது போர்த்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். யார் போர்த்துவார்கள்? கேட்காமல் விட்டுவிட்டேனே. மகளா? அந்தப் பிள்ளைக்கு எப்படிப் போடுவது என்று தெரியுமா?

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காற்று மட்டும் கதவை அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 27, திங்கள்

பிரவுசிங் சென்டர். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் மவுஸ் வேலை செய்யவில்லை, மாறி உட்கார்ந்தேன்.

வ. அக்கா எழுதியிருந்தார். நான் முதலில் ஏற்றிய மஞ்சள் புடவைப் படத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்கிற இடத்தில்: "மக போத்துனா. யாரு வீட்டுச் சீலன்னு கேட்டாங்க. திண்டுக்கல்லு, எந் தங்கச்சி வீடுன்னு சொன்னேன். நீ கேட்ட போட்டோவ மட்டும் யாரும் எடுக்கல லூர்து."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

அதற்குக் கீழேயே புதுசாகச் சேர்ந்த ஒருத்தி, துபாய், பாவம், மேலே உள்ளது எதையும் படிக்கவில்லை போல. "செம கலர்! அடுத்த வாரம் எங்க வெட்டிங் டே. இந்த மஞ்சள் இன்னும் இருக்கா?"

தீர்ந்துவிட்டது, இனி வராது என்று போட்டேன். பீரோவில் இன்னும் மூன்று கிடக்கிறது.