ரோட்டில் துள்ளிய மீன்குஞ்சுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் நாலைந்து நாளாக ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்லலாம் என்று எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன்.

நிலக்கரிச் சுரங்கத்து லாரி ஓடும் ரோட்டில் தூசி அடங்க டேங்கரில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார்களே, அது வருகிற அன்றைக்குத்தான் துவைத்த துணி துவைத்த மாதிரி இருக்கும் என்று எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். செவ்வாய்க்கிழமை டேங்கர் போன பிறகு வாசல் கூட்டப் போனேன், கரி ஈரத்தில் என்னமோ மினுமினுத்தது, குனிந்து பார்த்தால் மீன்குஞ்சு! ஒன்றிரண்டு இல்லை, ரோடு நெடுக. விரல்நகம் அளவுதான் இருக்கும், பாதி செத்துவிட்டது, பாதி துள்ளுகிறது. வானத்திலிருந்தா விழுந்தது என்று அண்ணாந்துகூடப் பார்த்தேன், சிரிக்காதே. கைக்கு வந்ததை வாளித் தண்ணீரில் அள்ளிப் போட்டு அடுப்படி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வாலடியில் சிவப்புப் பொட்டு தெரிந்தது. போன லீவில் நீ செல்லில் படம் காட்டி, அம்மா இது இந்த ஆத்துல மட்டும்தான் இருந்துச்சு, இப்ப உலகத்துலயே இருக்கான்னு தெரியலை என்றாயே, மாப்பிள்ளை தேட விடாமல் மீனைத் தேடுகிறாளே என்று நான்கூடக் கேலி செய்தேனே, அதே பொட்டு.

மதியம் அப்பா சாப்பிட வந்ததும் வாளியைக் காட்டினேன். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கோடையில் கரி கழுவ என்று ஆற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள், வெறும் மணல்தான் கிடக்கிறது, அப்பா வேலை பார்க்கும் பம்ப்ஹவுஸ் குழாய் வாயடியில் மட்டும்தான் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அந்தக் குழாயின் சல்லடையில் கொழகொழவென்று என்னமோ ஒட்டித் தண்ணீர் வரத்தை அடைக்கிறதாம், கரி கழுவும் இடத்திலிருந்து சூப்பர்வைசர் தினமும் கத்துவாராம். இவரும் பாசி என்று நினைத்துக் கத்தியால் வழித்து வழித்துக் கரையில் எறிந்திருக்கிறார், போன வாரம் சலித்துப்போய்ச் சல்லடையையே கழற்றி வைத்துவிட்டார். ரோட்டுக்குத் தெளிக்கிற டேங்கருக்கும் அந்தக் குழாய்த் தண்ணீர்தான். அது பாசி இல்ல, முட்டை, அதுங்களுக்கு வேற எடம் ஏது என்று சொன்னார். நீ படம் காட்டியபோது, நான் தினம் ஆத்துலதானே நிக்கிறேன், அப்படி ஒண்ணும் கண்ணுல படலையே என்று அடித்துச் சொன்ன மனுஷன்.

உடனே போய்ச் சல்லடையை மாட்டிவிட்டு, இது எங்கேயும் கிடைக்காத மீனோட முட்டை, இனிமேல் வழிக்க மாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவரோ, வெளியில தெரிஞ்சா சுரங்கத்தையே மூடிடுவாங்க, அத்தனை பேர் வயித்துல அடிக்காதே, வழிக்க முடியாதுன்னா வேலைக்கு வராதே என்றாராம். இவர் வேலைக்குப் போகிறார், சல்லடைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. என்றைக்குச் சீட்டைக் கிழிப்பார்களோ தெரியாது. சாப்பாட்டில் கை வைப்பதில்லை. வாளியில் ஆற்றுத் தண்ணீர்தான் மாற்றுகிறேன், அப்படியும் தினம் ஒன்றிரண்டு மிதக்கிறது. நேற்று, பிள்ளைக்கு எழுதட்டுமா, எழுதினால் உங்கள் வேலை போய்விடுமே என்று கேட்டேன். தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, எழுது, நான்தான் வழிச்சு எறிஞ்சேன்னும் சேத்து எழுது என்றார்.

எழுதிவிட்டேன். இந்த மீனைப் பற்றித் தெரிந்த பெரியவர்கள் யார் உண்டோ அவர்களையும் அழைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வா. வழியில் வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நினைத்தது எல்லாம் நடந்து நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வாளி அடுப்படியில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் வந்ததும் முதலில் அப்பாவிடம் போ.

ஆசிகளுடன்,
உன் அம்மா