சின்ன மாமனாருக்கு முன்னால் உட்காருவது

இராஜபாளையம்
10.7.1993

அன்பு மகள் ஞானரத்தினத்துக்கு,

ஆண்டவர் தயவில் அம்மாவும் நானும் சுகம், அங்கே நீங்கள் மூவரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். இங்கே மழை இல்லை, மில்லில் தினமும் கரண்ட் கட், வேறு புதினம் எதுவும் இல்லை. போன வாரம் மாப்பிள்ளை அங்கே மஸ்கட்டிலிருந்து போன் பேசினார். நீ பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தூக்கும்போது வலது கை மரத்துப்போய் நழுவவிட்டுவிட்டாயாம், கீழே மெத்தை இருந்ததால் தப்பித்தானாம். எங்களுக்கு நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பல் காட்டுகிற டாக்டரிடம் விசாரித்தேன். நாளெல்லாம் குனிந்து பல் சுத்தம் செய்கிறவர்களுக்குக் கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாம் பிடிக்கும், வந்தபின் பார்ப்பதைவிட வராமல் பார்ப்பதுதான் நல்லது என்றார். உட்கார்ந்து செய்ய வேண்டுமாம், நோயாளியின் நாற்காலி உன் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டுமாம், நீ வளையாமல் அவர்களைத் தலையைத் திருப்பச் சொல்ல வேண்டுமாம், மழுங்கின கருவியைத் தீட்டிக்கொள்ளாவிட்டால் இறுக்கிப் பிடித்தே கை போய்விடுமாம். இதெல்லாம் நீ படித்ததுதான். ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் உனக்குச் சின்ன மாமனார் முறை, அவருக்கு முன்னால் மருமகள் உட்காரக் கூடாது என்று நாள் முழுக்க நின்றே செய்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நல்ல மரியாதை போ. இப்படியே விட்டால் பிள்ளையை மட்டுமல்ல, கரண்டியைக்கூடத் தூக்க முடியாது என்கிறார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்.

அப்படியே உன் மாமியார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். அவனக் குளிப்பாட்டி வளத்தவ நானு, அவனுக்கு முன்னால என் மருமவ எதுக்கு நிக்கணும் என்று சத்தம் போட்டுக்கொண்டே சம்பந்தியம்மா செருப்புகூடப் போடாமல் போன் பூத்துக்குப் போய்விட்டார்கள், நாங்கள் பின்னாலேயே ஓடினோம். உன் சின்ன மாமனார் போனில் என்ன சொன்னார் தெரியுமா, உக்காந்து வேல பாக்க ஒரு ஸ்டூல அவளுக்குன்னுதான் வாங்கிப் போட்டேன் மதினி, அவ உக்காரவே இல்ல, மருமவகிட்ட அத எப்படிக் கேக்கதுன்னு விட்டுட்டேன் என்றாராம். நன்றாக இருக்கிறது உங்கள் இரண்டு பேர் கூச்சமும்.

அம்மா உனக்காகத் தினமும் ஜெபம் பண்ணுகிறாள். கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் உன் கையையும் காப்பாராக. கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் அவர் வருவதற்கு முன்னே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள். அவர் உள்ளே வரும்போது உடம்பு தானாக எழும்பப் பார்க்கும். எழும்பாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வேதசிரோமணி